டீசலுக்குள் தண்ணீர்: பில்டரை வடித்தால் மட்டும் போதாது

கார்த்திகை மழை இறுகிவிட்டால் மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் உள்ள கராஜ்களுக்கு ஒரே சாயலில் வாகனங்கள் வரத் தொடங்கும். காலையில் நல்லபடியாக ஸ்டார்ட் ஆகி ஒரு நிமிடம் ஓடி நின்றுபோன லொறி, நெல் மூட்டை ஏற்றி மேட்டில் ஏறும்போது மட்டும் பலம் விழும் உழவு இயந்திரம், மஞ்சள் விளக்கு எரிந்தபடியே கிட்டங்கியிலிருந்து கல்முனை வரை ஓட்டி வரப்பட்ட ஹைலக்ஸ். பலவற்றில் நோய் ஒன்றுதான். டீசலோடு தண்ணீர் சேர்ந்திருக்கும். வைத்தியமும் அநேகமாக ஒன்றாகவே நடக்கிறது. பில்டரைக் கழற்றித் தண்ணீரை ஊற்றிவிட்டு, புதிதாக ஒன்றைப் போட்டு அனுப்பிவிடுவார்கள். இரண்டு கிழமைக்குள் அதே வாகனம் திரும்பி வரும். பில்டரில் தேங்கியது வந்த தண்ணீரில் ஒரு பங்குதான். மிச்சம் தாங்கியின் அடியில் கிடக்கிறது. அது உள்ளே வந்த வழியும் திறந்தே இருக்கிறது.

ஒரு லீற்றர் டீசல் 820 முதல் 850 கிராம் வரை நிறையுடையது, தண்ணீர் 1000 கிராம். ஆகவே வாகனம் நின்றால் தண்ணீர் அடியில் படியும், ஓடும்போது குலுங்கி மேலே கலையும். இதைத் தவிர டீசலில் கரைந்தே இருக்கும் தண்ணீரும் உண்டு. ஐரோப்பியத் தரத்தில் ஒரு கிலோ டீசலுக்கு 200 மில்லிகிராம் வரை தண்ணீர் இருக்கலாம். அந்தக் கணக்கில் 80 லீற்றர் தாங்கியில் 13 கிராம் வரும். சூடான டீசல் கூடுதல் தண்ணீரைக் கரைத்து வைத்திருக்கும், இரவில் ஆறும்போது அதில் கொஞ்சத்தை வெளியே விடும். பில்டருக்கு அடியில் தண்ணீர் தேங்கும் கிண்ணம் இருப்பது இந்தச் சிறு அளவைப் பிடிப்பதற்குத்தான். போத்தல் கணக்கில் வரும் தண்ணீருக்கு அது ஈடு கொடுக்காது.

தண்ணீர் எப்படி வந்தது என்று கேட்டால் "தாங்கிக்குள் பனி பிடிக்குது" என்பதே வழக்கமான பதில். இதைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 80 லீற்றர் தாங்கி பாதி காலியாக இருந்தால் உள்ளே 40 லீற்றர் காற்று. 30 பாகையில் ஈரம் நிறைந்த ஒரு கன மீற்றர் காற்றில் ஏறத்தாழ 30 கிராம் நீராவி இருக்கும், 24 பாகைக்கு ஆறினால் 22 கிராம்தான் தங்கும். 40 லீற்றருக்கு வித்தியாசம் அரைக் கிராம்கூட வராது. ஒவ்வோர் இரவும் தவறாமல் இப்படிச் சேர்ந்தாலும் மாதத்துக்கு 10 மில்லிலீற்றர் அளவுதான். மாதக்கணக்கில் பாதித் தாங்கியோடு நிற்கும் அறுவடை மெசினுக்கும் ஜெனரேட்டருக்கும் இது பொருந்தும். தினமும் ஓடும் வானில் ஒரு கிழமைக்குள் கிண்ணம் நிறைந்தால் அது பனி இல்லை. வேறு வழியைத் தேட வேண்டும்.

முதலில் பார்க்க வேண்டியது மூடி. மெசி பெர்கசன் 240 போன்ற உழவு இயந்திரங்களில் தாங்கி பொனட்டுக்குக் கீழே எஞ்சினுக்கு மேல் இருக்கிறது, மூடி வானத்தைப் பார்த்தபடி இருக்கும். லேண்ட் மாஸ்டர் கை உழவு இயந்திரத்திலும் அப்படித்தான். மூடி தொலைந்ததும் சீலைத்துண்டையோ சொப்பிங் பையையோ திணித்துக்கொண்டு வட்டைக்குள் நிறுத்தி வைத்தால், ஒரு மழை இரவே போதும். மூடி இருந்தாலும் அதன் ரப்பர் வளையம் காய்ந்து வெடித்திருந்தால் பயனில்லை. லொறியின் பக்கத் தாங்கியில் மூடிக்கு மேலே உள்ள பள்ளத்தில் தண்ணீர் நின்று, திறக்கும்போது உள்ளே வடியும். திறக்குமுன் துடையுங்கள். சேர்விஸ் நிலையத்தில் மூடியை நோக்கி நேராக அமுக்கத் தண்ணீர் அடிக்க விடாதீர்கள்.

அடுத்தது பரல். எங்கள் பகுதியில் அதிகம் கவனிக்கப்படாத வழி இதுதான். 2022இல் டீசல் வரிசையும் கியூஆர் கோட்டும் வந்தபோது வயல்காரர் பலர் பரலிலும் கானிலும் டீசல் சேர்த்து வைக்கப் பழகினார்கள். பெரும்போக உழவுக்கும் அறுவடைக்கும் வாடிக்குப் பக்கத்தில் பரல் நிற்பது இன்றும் வழக்கம். அது தண்ணீரை உறிஞ்சுகிற விதத்தைப் பாருங்கள். நிமிர்த்தி வைத்த 200 லீற்றர் பரலின் மேல்மூடியைச் சுற்றி விளிம்பு உயர்ந்திருக்கிறது. 10 மில்லிமீற்றர் மழை பெய்தால் அந்த வட்டத்துக்குள் இரண்டரை லீற்றர் தண்ணீர் நிற்கும், அடைப்பான் அதில் மூழ்கிக் கிடக்கும். பகல் வெயிலில் உள்ளே இருக்கும் காற்று விரிந்து அடைப்பானின் புரியிடுக்கால் கொப்புளம் கொப்புளமாக வெளியேறும். பின்னேரம் மழையோடு குளிர்ந்தால் அதே காற்று சுருங்கும். பாதி காலியான பரலில் 100 லீற்றர் காற்று 40 பாகையிலிருந்து 25க்கு இறங்கினால் ஏறத்தாழ 5 லீற்றர் சுருங்குகிறது. அந்த இடத்தை நிரப்ப, இறுக்கமில்லாத அடைப்பானின் வழியாக மேலே நிற்கும் தண்ணீரே உள்ளே இழுபடும். "மூடி போட்டுத்தானே வைத்தோம்" என்று உரிமையாளர் சொல்வதும் பொய்யில்லை.

இதற்குச் செலவில்லாத தீர்வு உண்டு. பரலைக் கூரைக்குக் கீழே, கட்டைக்கு மேல் படுக்க வையுங்கள். இரண்டு அடைப்பான்களும் ஒரே மட்டத்தில், கடிகாரத்தின் 3க்கும் 9க்கும் நேராக வர வேண்டும். நிமிர்த்தித்தான் வைக்க வேண்டுமென்றால் ஒரு பக்கத்துக்கு அடியில் செங்கல் கொடுத்துச் சாய்த்து, இரண்டு அடைப்பான்களும் தாழ்ந்த பக்கத்தில் தேங்கும் தண்ணீருக்கு வெளியே, ஒரே உயரத்தில் இருபுறமும் வரும்படி திருப்பி விடுங்கள். டீசல் எடுப்பதற்கு முதல் நாளிலிருந்து பரலை அசைக்கக் கூடாது. உறிஞ்சு குழாயின் வாய் அடியிலிருந்து 3 அங்குலம் மேலே நிற்க வேண்டும். கானிலிருந்து ஊற்றும்போது கடைசி ஒரு லீற்றரைக் கானிலேயே விட்டுவிடுங்கள். புனலில் சீலை கட்டி வடிப்பது தூசைப் பிடிக்கும், தண்ணீரைப் பிடிக்காது. தண்ணீரைத் தடுக்கும் பூச்சுள்ள வலை வைத்த புனல்கள் இருக்கின்றன. அவை தேங்கி நிற்கும் தண்ணீரை நன்றாகத் தடுக்கும்.

பெற்றோல் செட்டின் நிலத்தடித் தாங்கி மூன்றாவது வழி. வெள்ளம் ஏறிய இடங்களில் நிரப்பும் வாயின் மூடியால் தண்ணீர் இறங்கலாம். பவுசர் டீசல் இறக்கும் நேரத்தில் அடியில் படிந்ததெல்லாம் கலங்கி எழும், அந்த நேரத்தில் நிரப்பாமல் கொஞ்சம் பொறுப்பது நல்லது. தண்ணீர் பட்டால் நிறம் மாறும் பசை ஒன்றை அளவுகோலின் நுனியில் பூசித் தாங்கிக்குள் விட்டுப் பார்ப்பது செட்களின் வழமையான சோதனை. வெள்ளம் வடிந்த கையோடு நிரப்பப் போனால், கோல் விட்டுப் பார்த்தீர்களா என்று கேட்பதில் தவறில்லை.

நான்காவது வெள்ளத்துக்குள் ஓட்டுவது. தாங்கிக்குக் காற்றுப் போய்வர ஒரு மூச்சுக்குழாய் இருக்கிறது. தூரம் ஓடிச் சூடேறிய தாங்கி குளிர்ந்த வெள்ளத்தில் அமிழ்ந்தால் உள்ளிருக்கும் காற்று சட்டென்று சுருங்கி, மூச்சுக்குழாயால் தண்ணீரை இழுக்கும். கிரான் பாலமும் கிட்டங்கித் தாம்போதியும் மூழ்கியிருக்கும்போது கடந்து போன வாகனத்தில், மறுநாளே பில்டரின் அடியைத் திறந்து பார்ப்பது கட்டாயம்.

ஒரே அளவு தண்ணீர் எல்லா எஞ்சினையும் ஒரே மாதிரிக் கெடுப்பதில்லை. பழைய லேலண்ட், டாட்டா லொறிகளில் டீசலை எஞ்சினுக்குத் தள்ளும் நேர்வரிசைப் பம்பின் கீழ்ப்பாகத்துக்கு எஞ்சின் ஒயில்தான் வழுக்குப் பொருள். அது கொஞ்சம் தாங்கும். மெசி 240இல் உள்ள சுழல் பம்பும், பழைய டொயோட்டா வான்களில் வரும் சுழல் பம்பும் முழுக்க முழுக்க டீசலாலேயே வழுக்கப்படுகின்றன. தண்ணீர் வந்தால் அந்த வழுக்கு அறும், உலோகம் உலோகத்தில் உரசும். ஹைலக்ஸ், கேடிஎச் வான் போன்றவற்றின் கொமன் ரெயில் எஞ்சின்களில், அதாவது ரெயில் என்ற ஒரே குழாயில் உயர் அமுக்க டீசலைத் தேக்கி எல்லா இன்ஜெக்டருக்கும் கொடுக்கும் எஞ்சின்களில், இது இன்னும் கடுமை. எஞ்சினுக்குள் டீசலைத் தெளிக்கும் பழைய நொசில் 120 முதல் 250 பார் அமுக்கத்தில் திறக்கும். இங்கேயோ ரெயிலில் ஆயிரம் பாருக்கு மேல், சில எஞ்சின்களில் 2000 பார் வரை அமுக்கம். இன்ஜெக்டரின் ஊசிக்கும் உறைக்கும் இடையே உள்ள இடைவெளி சில மைக்ரோன்தான். அந்த இடுக்கில் துரு ஒரு பொட்டு பிடித்தாலே ஊசி ஒட்டிக்கொள்ளும். சூடான நொசில் நுனியில் தண்ணீர் நீராவியாக வெடித்து நுனியையே உடைப்பதும் உண்டு. ஓடாமல் நிற்பதும் பாதுகாப்பில்லை. தண்ணீரோடு நிறுத்திவைத்த பம்பில் துரு சில நாட்களிலேயே பிடிக்கத் தொடங்கும்.

அடையாளங்களில் ஒன்றை விளக்கமாகச் சொல்ல வேண்டும். காலையில் ஸ்டார்ட் ஆகி ஒரு நிமிடத்தில் நிற்பது ஏன்? குழாயிலும் பில்டரிலும் நேற்றைய நல்ல டீசல் மிச்சம் இருக்கும். அது தீர்ந்ததும், இரவில் தாங்கியின் அடியில் படிந்த தண்ணீர் வந்து சேர்கிறது. வளைவில் திருப்பும்போதோ பிரேக் பிடிக்கும்போதோ எஞ்சின் தடுமாறினால், தண்ணீர் அலைந்து உறிஞ்சு குழாயின் வாய்க்கு வருகிறது என்று சந்தேகிக்கலாம். வெள்ளைப் புகை, முட்டும் சத்தம், சீரில்லாத ஐட்லிங் ஆகியவை வேறு பழுதுகளிலும் வரும். குழாயில் காற்று இழுத்தாலும் இதே குணம்தான். ஆகவே ஊகத்தில் பம்பைக் கழற்ற வேண்டாம், டீசலை வடித்துப் பாருங்கள்.

பில்டரின் வடிகால் திருகுக்குக் கீழே கழுவிக் காய்ந்த கண்ணாடிப் போத்தல் ஒன்றைப் பிடியுங்கள். டொயோட்டாவில் திருகை இரண்டு, இரண்டரைச் சுற்றுத் தளர்த்தி, பில்டரின் தலையில் உள்ள கைப்பம்பை அமுக்கினால் வடியும். 200, 300 மில்லிலீற்றர் எடுத்து அரை மணித்தியாலம் அசையாமல் வெளிச்சத்துக்கு எதிரே வையுங்கள். அடியில் கோடு போட்டாற்போல வேறொரு படை தெரிந்தால் அது தண்ணீர். அதற்குள் பழுப்புத் தூள் மிதந்தால் துரு ஏற்கெனவே தொடங்கிவிட்டது. தண்ணீரும் டீசலும் தொடும் எல்லையில் கறுப்புச் சளிபோலப் படலம் இருந்தால் அது பூஞ்சணமும் பற்றீரியாவும். எங்கள் ஊர் வெப்பம் அவற்றுக்கு மிகப் பிடித்தமானது. படை பிரியாமல் முழுப் போத்தலும் மங்கலாகப் பால் கலந்ததுபோல் நின்றால் தண்ணீர் நுண்துளிகளாகக் கலந்துவிட்டது, அதை இரவு முழுக்க வைத்துத்தான் தீர்மானிக்க முடியும். சந்தேகமிருந்தால் பலகாரத்துக்குப் போடும் நிறத்தூளில் ஒரு சிட்டிகை போடுங்கள். தண்ணீரில் கரைந்து நிறம் பரவும், டீசலில் கரையாது.

பில்டரில் தண்ணீர் சேர்ந்ததைக் காட்டும் டாஷ்போர்டு விளக்கை மட்டும் நம்பக் கூடாது என்பதற்கும் காரணம் உண்டு. பில்டர் மாற்றும்போது அடியிலுள்ள சென்சரைப் புதியதற்கு மாற்றாமல் விடுவதும், வயரைக் கழற்றியபடி விடுவதும் சாதாரணமாக நடக்கிறது. சாவியை ஒன் நிலைக்குத் திருப்பியதும் அந்த விளக்கு சில வினாடி எரிந்து அணைகிறதா என்று பாருங்கள். எரியவே இல்லையென்றால் முதலில் அதைச் சரிபாருங்கள். ஸ்கேனர் போட்டால் தண்ணீருக்கான குறியீடு பி2269, ரெயில் அமுக்கம் போதவில்லை என்பதற்கு பி0087.

சுத்தம் செய்வதில் முதல் விதி, ஸ்டார்ட்டரைத் தொடாதிருப்பது. செட்டிலேயே சந்தேகம் வந்தால் சாவியை ஒன் நிலைக்கும் கொண்டுபோக வேண்டாம். சில வாகனங்களில் தாங்கிக்குள் இருக்கும் மின்பம்பு அப்போதே ஓடத் தொடங்கிவிடும். "இன்னொருக்கா அடிச்சுப் பார்ப்பம்" என்று திருப்பும் ஒவ்வொரு தடவையும் தண்ணீரைத் தாங்கியிலிருந்து பம்புக்கும், பம்பிலிருந்து இன்ஜெக்டருக்கும் தள்ளுகிறது. தாங்கியிலும் பில்டரிலும் நின்றுவிட்ட தண்ணீருக்குச் செலவு ஒரு நாள் கூலியும் ஒரு பில்டரும். இன்ஜெக்டர் வரை போனால் லட்சக்கணக்கு.

போத்தலில் விழுந்தது இரண்டு மேசைக்கரண்டி அளவுதான், மேலே உள்ள டீசல் தெளிவாக இருக்கிறது என்றால் வடித்து, பில்டரை மாற்றி, 100 கிலோமீற்றருக்குள் மீண்டும் வடித்துப் பார்த்தால் போதும். அதற்கு மேல் இருந்தால் தாங்கியை வெறுமையாக்கியே ஆக வேண்டும். வாகனத்தை ஓர் இரவு அசையாமல் நிறுத்துங்கள், வடிகால் நட் உள்ள பக்கம் சற்றுத் தாழ்ந்திருந்தால் நல்லது. காலையில் நட்டை மெல்லத் தளர்த்தினால் முதலில் தண்ணீர்தான் வரும். வடிகால் இல்லாத தாங்கியில், அளவுமானி பொருத்தியிருக்கும் வாயைத் திறந்து குழாயை அடிவரை விட்டு இழுக்க வேண்டும். நிரப்பும் வாயால் விட்ட குழாய் மூலைக்குப் போகாது. தாங்கியின் உள்ளே தடுப்புத் தகடுகள் இருப்பதால் ஒவ்வோர் அறையிலும் தண்ணீர் தனித்தனியே நிற்கும். அரைவாசி கழுவப்பட்ட தாங்கிகள் திரும்பி வருவது இதனால்தான். கடைசியில் இரண்டு, மூன்று லீற்றர் நல்ல டீசல் விட்டு அலசி, நூல் விடாத சீலையால் துடையுங்கள். உறிஞ்சு குழாயின் வாயிலுள்ள வலையையும் பாருங்கள். சவர்க்காரத் தண்ணீரால் தாங்கியைக் கழுவவே கூடாது. உள்ளே மிச்சம் நிற்கும் சவர்க்காரம் தண்ணீரையும் டீசலையும் பிரியவிடாமல் கட்டிப்போடும். பிறகு எந்தக் கிண்ணத்திலும் அது தங்காது.

போகும் குழாயை இரு முனையிலும் கழற்றிக் குறைந்த அமுக்கக் காற்றால் ஊதுங்கள். திரும்பி வரும் குழாயையும் மறக்காதீர்கள், பம்பிலிருந்து மீண்ட தண்ணீர் அதில்தான் நிற்கும். பம்புக்குள் காற்று அடிக்க வேண்டாம். பில்டர் உறையை டீசலால் கழுவி, ரப்பர் வளையத்தோடு புதியதைப் போடுங்கள். கொமன் ரெயில் பில்டரைத் திறந்த கானிலிருந்து நிரப்பிப் பூட்டாதீர்கள், வடிகட்டாத டீசல் நேரே பம்புக்குப் போகும். கைப்பம்பு இறுகும்வரை அமுக்கினால் போதும்.

குழாயில் புகுந்த காற்றைப் போக்கும் விதம் பழைய எஞ்சினிலும் கொமன் ரெயிலிலும் வேறு. மெசி 240இல் பில்டரின் திருகைத் தளர்த்தி, தாங்கியிலிருந்து டீசலை இழுக்கும் லிப்ட் பம்பின் நெம்பைக் கையால் அடித்து, கொப்புளம் நிற்கும்வரை விட்டுப் பூட்ட வேண்டும். பிறகு பம்பின் பக்கத்திலும் மேலேயும் உள்ள திருகுகள், கடைசியாக இன்ஜெக்டர் நட்களைத் தளர்த்தி ஸ்டார்ட்டர். நெம்பு வெறுமையாக ஆடினால் பம்பு பழுதில்லை, அதை இயக்கும் எஞ்சின் கேமின் மேட்டில் நிற்கிறது. எஞ்சினை ஒரு சுற்றுத் திருப்பிவிட்டு மறுபடி அடியுங்கள். கொமன் ரெயிலில் இன்ஜெக்டர் நட்டை ஒருபோதும் தளர்த்தக் கூடாது. அந்த அமுக்கத்தில் பாயும் டீசல் கையுறையையும் தோலையும் துளைத்து உள்ளே போகும். காயம் ஊசிக்குத்துபோலத் தெரிந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய ஆபத்து அது. கைப்பம்பால் காற்றைப் போக்கிவிட்டு, 10 வினாடிக்கு மேல் ஸ்டார்ட்டர் அடிக்காமல், இடையில் ஒரு நிமிடம் ஆறவிடுங்கள்.

ஓடத் தொடங்கியதும் திரும்பும் குழாயைத் தாங்கியோடு இணைக்காமல் கானில் விட்டு 15 நிமிடம் ஐட்லிங்கில் விடுங்கள். போத்தலில் பிடித்துப் பார்த்துத் தெளிந்த பிறகு இணைக்கலாம். பில்டரை 500 கிலோமீற்றருக்குள் இன்னொரு தடவை மாற்றுவது வீண்செலவில்லை. கறுப்புச் சளி கண்டிருந்தால் தண்ணீரை முழுதாக எடுத்த பிறகு, அந்தக் கிருமிகளைக் கொல்லும் பயோசைட் மருந்து போட வேண்டும். செத்த சளி கழன்று வந்து அடைக்கும், ஆதலால் கூடுதல் பில்டர் ஒன்றைக் கையில் வைத்திருங்கள். ஐட்லிங் இன்னும் ஏறி இறங்கினால் கொமன் ரெயில் பம்பின் உறிஞ்சு வால்வு ஒட்டியிருக்கலாம். அதைக் கழற்றும்போது வாயிலுள்ள சிறு வலையில் மினுங்கும் உலோகத்தூள் இருந்தால் வால்வை மட்டும் மாற்றிப் பயனில்லை. பம்பு தேய்ந்த தூள் ரெயிலுக்கும் இன்ஜெக்டருக்கும் போயிருக்கும். அந்த நிலையில் டீசல் பம்பு வேலை தெரிந்த கடைக்கே கொண்டுபோக வேண்டும்.

தண்ணீரைத் தீர்க்கிறோம் என்று ஸ்பிரிட், பெற்றோல், மண்ணெண்ணெய் ஊற்றுவதை நாங்கள் ஏற்கமாட்டோம். ஸ்பிரிட் தண்ணீரைத் தன்னோடு கலந்து பில்டரைத் தாண்டி இன்ஜெக்டருக்கே கொண்டுபோகும். மண்ணெண்ணெயும் பெற்றோலும் டீசலின் வழுக்கும் தன்மையைக் குறைக்கும், பெற்றோல் தீப்பிடிக்கும் அபாயத்தையும் கூட்டும்.

உட்புகுந்தது வாவித் தண்ணீரென்றால் காத்திருக்க நேரமில்லை. மட்டக்களப்பு வாவியும் கழிமுகப் பக்கங்களும் உவர். உப்புத் தண்ணீர் மழைத் தண்ணீரைவிட வேகமாக இரும்பை அரிக்கும். ஓர் இரவு படியவிடும் நிதானம் இங்கே வேண்டாம், அன்றைக்கே தாங்கியை இறக்கிக் கழுவி, குழாய்களையும் பில்டர் உறையையும் இரண்டு தடவை நல்ல டீசலால் அலச வேண்டும்.

செட்டில் நிரப்பிய டீசலில்தான் தண்ணீர் இருந்தது என்று தெரிந்தால், வடித்ததை எல்லாம் ஊற்றிவிடாதீர்கள். நிரப்பிய பற்றுச்சீட்டு, நேரம், வாகனத்தின் கிலோமீற்றர், தாங்கியிலிருந்து சாட்சி ஒருவர் முன்னிலையில் எடுத்து ஒட்டி மூடிய இரண்டு போத்தல் ஆகியவற்றை வைத்திருங்கள். ஒன்றைச் செட் உரிமையாளரிடம் காட்டிப் பேசலாம். தீராவிட்டால் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபையின் 1977 இலக்கத்துக்கு முறையிடலாம். அதே நாளில் அதே செட்டில் நிரப்பிய வேறு வாகனங்களும் நின்றிருந்தால் அவர்களோடு சேர்ந்து முறையிடுங்கள், தனி ஆளுடைய போத்தலைவிட அது வலுவான சாட்சி.

வடித்த மிச்ச டீசலை வாய்க்காலிலோ வரம்போரத்திலோ ஊற்ற வேண்டாம். மூடிய கானில் நான்கு, ஐந்து நாள் நிற்கவிட்டு மேலே தெளிந்ததைப் பிரித்தெடுத்தால் இரும்புச் சாமான் கழுவ உதவும். கொமன் ரெயில் வாகனத்தின் தாங்கிக்கு மட்டும் அது திரும்பப் போகக் கூடாது.